முழங்கால் அளவு கடல் தண்ணீரில் தேட எந்த டிடெக்டர் வாங்கலாம்?

காலைநடை:

எல்லோருக்கும் வணக்கம். திருவான்மியூர் கடற்கரையில் தினமும் விடியற்காலையில் நடக்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம். போன பிறந்தநாளுக்கு என் மகன் ஆன்லைனில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கிக் கொடுத்தான். "சும்மா நடக்கிறதுக்கு ஏதாவது சம்பாதிச்சுக்கிட்டே நட" என்று கிண்டல் வேறு. முள் ஆடுகிற மீட்டர் வைத்த மலிவான கருவிதான். காய்ந்த மணலில் குறை சொல்ல முடியாது. இதுவரை அகப்பட்டவை: ஒரு பை நிறைய சோடா மூடி, ஒரு சாவிக்கொத்து, 57 ரூபாய் சில்லறை, ஒற்றைக் கொலுசு.

தொல்லை ஈர மணலில்தான். அலை வந்து போன இடத்தில் காயிலை, அதாவது கீழே இருக்கும் வட்டத் தட்டை, வைத்த உடனே கத்த ஆரம்பிக்கிறது. சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் அடங்குகிறது; ஆனால் என் மோதிரத்தைக் கழற்றிப் பக்கத்தில் காட்டினாலும் அதே அமைதி.

ஜனங்கள் நகையைத் தொலைப்பது காய்ந்த மணலில் இல்லையே, கால் நனைக்கிற இடத்தில்தானே? அங்கே தேடத்தான் ஆசை. நீச்சல் தெரியாது, முழங்காலுக்கு மேல் இறங்க மாட்டேன். 50,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். ஒன்றில் 3 மீட்டர் வாட்டர்ப்ரூஃப் என்கிறார்கள், இன்னொன்றில் 200 அடி. கடலுக்கு பல்ஸ் இண்டக்‌ஷன்தான் சரி என்று ஒரு வீடியோவில் அடித்துச் சொல்கிறார்கள். எதை நம்புவது?

மத்யகைலாஷ்:

சார், புதுசு எதற்கு? இருக்கிற கருவிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள். அந்த மாடலில் காயில் ஏற்கெனவே தண்ணீர் தாங்கும், மீட்டர் இருக்கும் பெட்டியை மட்டும் மூடினால் போதும்.

பழையவால்வு:

உறை போட்டால் பெட்டி பிழைக்கும், சத்தம் நிற்காது. அது கத்துவது தண்ணீர் உள்ளே போனதால் இல்லை, உப்பினால்.

நாற்பது வருடம் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்தவன் நான். கடை மூடியபின் பிடித்த பைத்தியம் இது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் சார்.

காயிலிலிருந்து கிளம்பும் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அதன் எதிரொலியைத்தான் கருவி கேட்கிறது. உப்புத் தண்ணீரும் மின்சாரம் கடத்தும் என்பதால் ஈர மணல் முழுவதுமே ஒரு பெரிய, மங்கலான உலோகத் தகடு மாதிரி அதற்குத் தெரியும். இதில் கொடுமை என்னவென்றால், உப்பின் எதிரொலியும் மெல்லிய தங்க நகையின் எதிரொலியும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து விழும். உப்பை வாயடைத்தால் சின்னத் தோடும் சேர்ந்து ஊமையாகிவிடும். உங்கள் மோதிரத்துக்கு நடந்தது அதுதான்.

ஆகவே விளம்பரத்தில் போட்டிருக்கும் 3 மீட்டர், 200 அடி கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். ஒரே அலைவரிசையா, பல அலைவரிசையா என்பதுதான் கேள்வி. உதாரணத்துக்கு காரெட் ஏடி ப்ரோ. 10 அடி ஆழம் தாங்கும், ஆனால் 15 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசை. ஏரியில் அருமையாக ஓடும். கடலில் உப்புக்கு ஏற்ப அதைத் திருப்பிவைக்கலாம். கூலியாகக் கொஞ்சம் ஆழத்தை இழக்க வேண்டும். பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் கருவி, ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டு உப்பின் பங்கைக் கழித்துவிடும். மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 அந்த வகை, 3 மீட்டர் தாங்கும். அதற்கு அடுத்து வந்த 900, 5 மீட்டர். நோக்டா லெஜண்டும் இதே குடும்பம்தான். உங்கள் முழங்காலுக்கு மூன்று மீட்டரே கண்ணுக்கு எட்டாத ஆழம். மைன்லேப் வான்குவிஷ் மலிவு, அதுவும் பல அலைவரிசைதான். ஆனால் காயில் மட்டுமே தண்ணீர் தாங்கும். கைப்பிடியில் பெட்டி இருக்கும்போது ஒரு அலை உங்களை உட்கார வைத்தால் கதை முடிந்தது. பழைய ஈக்வினாக்ஸ் 800 நல்ல நிலையில் கைமாறினால் யோசிக்காமல் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் சுங்க வரியையும் கணக்கில் சேருங்கள்.

பல்ஸ் இண்டக்‌ஷன் விஷயம். காந்தப்புலத்தை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும் வகை அது. காரெட் சீ ஹன்டர் மார்க் 2 மாதிரியானவை 200 அடி போகும். உப்பும் கருமணலும் அவற்றை அசைக்காது, அது உண்மை. ஆனால் இரும்பையும் தங்கத்தையும் உருப்படியாகப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அப்படி ஒன்றை இரவல் வாங்கி, பிள்ளையார் சதுர்த்தி முடிந்த வாரம் பட்டினப்பாக்கத்தில் இறங்கினேன். சிலைகளிலிருந்து விழுந்த ஆணி, கட்டுக்கம்பி, கொக்கி. மூன்று மணி நேரம் குனிந்து குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கினேன். மாநகராட்சி எனக்குச் சம்பளம் தந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு வீடியோக்களை அப்படியே நம்பாததற்கு இன்னொரு காரணம் உண்டு. அவர்கள் பேசுவது 10, 14 காரட் தங்கத்தைப் பற்றி. நம் 22 காரட்டில் கலப்பு குறைவு, மின்சாரம் நன்றாகக் கடத்தும். கடத்தும் திறனுக்கு ஏற்ப கருவி திரையில் ஒரு எண் காட்டும்; அதே அளவு மோதிரம் நம் தங்கத்தில் இன்னும் பெரிய எண் காட்டும். நாணயமும் அப்படித்தான். 1992க்குப் பிறகு வந்த நம் ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் எஃகு. இரும்பை ஒதுக்கச் சொன்னால் கருவி அதையும் ஒதுக்கப் பார்க்கும். சில சமயம் வட்டமாக, தட்டையாக இருப்பதால் ஏமாந்துபோய் நல்ல எண்ணையும் காட்டும். அந்த 57 ரூபாயில் எத்தனை காந்தத்தில் ஒட்டுகிறது, பாருங்கள்.

மெல்லிய சங்கிலியை எந்தக் கருவியும் சரியாகப் பிடிக்காது. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனித் துணுக்காகத்தான் பார்க்கும். நடுவில் டாலரோ முகப்போ இருந்தால் அதுதான் காட்டிக்கொடுக்கும். மெட்டி, கெட்டி மோதிரம் என்றால் மணி அடித்த மாதிரி கேட்கும்.

காயிலைக் கரைக்கு இணையாக வீசுங்கள். கடலை நோக்கி வீசினால் பாதி வீச்சு தண்ணீரில், பாதி காற்றில். எந்தக் கருவியும் குழம்பும்.

ஹெட்போன் துளைக்கு ஒரு மூடி இருக்கும், அதை மறக்காதீர்கள். நான் ஒருநாள் திருகாமல் இறங்கினேன். சர்வீஸ் சென்டரில் நான்கு மாதம் கிடந்து, போனபடியே திரும்பி வந்தது. தப்பு என்னுடையதுதான், இருந்தாலும் ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம் அவர்கள். ப்ளூடூத் ஹெட்போன் பெட்டி தண்ணீருக்கு மேலே இருக்கும்வரை கேட்கும். பெட்டி முங்கினால் போச்சு. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், காயில் உறையைக் கழற்றி உள்ளே சேர்ந்த மணலையும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: மெட்டியைத் தூண்டில் நரம்பில் கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு, ஈர மணலில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்துப் பாருங்கள். கடைக்காரரை நம்பவே வேண்டாம்.

ஊரூர்குப்பம்:

கருவி பற்றி எனக்குத் தெரியாது, கடல் பற்றிச் சொல்கிறேன். நம் கரை சட்டென்று ஆழம் இறங்கும். முழங்கால் அளவு என்று நீங்கள் நிற்கும் இடம் அடுத்த அலையில் இடுப்பளவு. நீச்சல் தெரியாதவர் தனியாக இறங்க வேண்டாம். கடலுக்கு முதுகு காட்டிக் குனியவே கூடாது.

அலை உடைந்து திரும்பும் இடத்தில் கரையை ஒட்டி ஒரு பள்ளம் ஓடும். கனமான சாமான் அங்கேதான் தங்கும். அது தெரிகிற நாளில் தேடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடல் மணலை அறுத்துக்கொண்டு போகும். புயல் ஓய்ந்து, கடல் அடங்கிய அடுத்த இரண்டு நாள்தான் நல்ல நேரம், அதற்குள் பழைய சாமான் மேலே வரும். அப்புறம் மணல் திரும்ப மூடிவிடும்.

தை முதல் பங்குனி வரை மேல் மணலில் தோண்டாதீர்கள். ஆமை முட்டை இருக்கும். பிள்ளைகள் ராத்திரியில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து, முட்டைகளைப் பத்திரமாகப் பொரிக்க வைப்பதற்காகச் சேகரிக்கிறார்கள், அவர்கள் கண்ணுக்கும் தப்பியது இருக்கும்.

கோட்டைப்பக்கம்:

ஒரு எச்சரிக்கை மட்டும். கருவியோடு மாமல்லபுரம் பக்கம் போகாதீர்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அப்புறம் 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது: மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆம், இன்றும் பத்து ரூபாய்தான்!

காலைநடை:

முதலில் ஒன்று: நான் சார் இல்லை, அம்மா. எல்லோருக்கும் நன்றி.

சோதனை செய்தேன். மெட்டியைப் புதைத்து நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டேன், வீட்டுக்காரரைக் காவலுக்கு நிறுத்தினேன். காய்ந்த மணலில் முள் துள்ளியது. ஈர மணலில் மெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே கூச்சல். சில்லறையில் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒரு ரூபாய் எல்லாம் ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. பல அலைவரிசைதான் என்று முடிவு செய்துவிட்டேன். பழைய ஈக்வினாக்ஸ் 800 ஒன்று விலைக்கு இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கப் போகிறேன், மெட்டியும் நரம்பும் கூடவே வரும். தண்ணீரில் இறங்குவது வீட்டுக்காரர் கரையில் நிற்கும் நாளில் மட்டும். மணலை அள்ளிச் சலிக்கும் ஸ்கூப்பை இங்கேயே செய்துகொள்ளலாமா? எவ்வளவு துளை?

பழையவால்வு:

மன்னியுங்கள் அம்மா. ஸ்கூப்பை வாங்காதீர்கள், வெல்டிங் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள். துருப்பிடிக்காத ஸ்டீல், 304 என்று கேளுங்கள். துளை 8 மில்லிமீட்டர். 12 போட்டால் தோடு கீழே போய்விடும். கைப்பிடி உங்கள் நெஞ்சு உயரம் இருக்கட்டும், குனிய வேண்டியிருக்காது.

காலைநடை:

வேளச்சேரியில் ஒரு பட்டறையில் படம் வரைந்து கொடுத்துவிட்டு வந்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தனை பேர் கல்யாணத்துக்கும்மா பூந்தி தேய்க்கிறீங்க?" என்று கேட்டார்.