ஒரே விமானத்தில் இரண்டு பைலட்: யார் எத்தனை மணி எழுதலாம்?

கேள்வி:
கலிஃபோர்னியாவில் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்திலிருந்து மான்டரேக்கு நண்பனோடு செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் போனேன். இருவரிடமும் பிரைவேட் பைலட் உரிமம் உண்டு. மொத்தம் 1.4 மணி, முழுக்க நான்தான் ஓட்டினேன். அதில் 1.0 மணி ஹுட் (வெளியே தெரியாமல் பார்வையை மறைக்கும் பயிற்சி மறைப்பு) மாட்டிக்கொண்டு கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டினேன். இருவருமே பி.ஐ.சி. (பொறுப்பு பைலட்) நேரம் எழுதலாமா? பறந்த நேரப் பதிவேட்டில் பொய்க் கணக்கு ஏறிவிடக் கூடாதே என்று கவலை.

பதில் 1:
எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) விதி 61.51-படி, பொறுப்பு யாருடையதானாலும், தனியாகக் கட்டுப்பாட்டைக் கையாண்ட உங்களுக்கு 1.4 மணி பி.ஐ.சி. ஹுட் போட்டால் வெளியே கவனிக்க இன்னொரு பைலட் கட்டாயம். அந்த நேரத்துக்கு விமானத்தின் பொறுப்பு அவருடையது என்று கிளம்பும் முன்பே பேசியிருந்தால் அவரும் 1.0 பி.ஐ.சி. எழுதலாம். பேசவில்லையா, எஸ்.ஐ.சி. (துணை பைலட்) மட்டும்தான்.

பதில் 2:
மீதி 0.4-இல் அவர் வெறும் பயணி. அப்புறம், அவர் பெயரை உங்கள் பதிவேட்டில் எழுதியாக வேண்டும், மறக்காதீர்கள்.

கேட்டவர்:
சரி, நாங்கள் பேசவில்லை. எஸ்.ஐ.சி. 1.0 என்றே எழுதச் சொல்கிறேன்.