மொய்யில் ஒரு வெள்ளி: சிங்கப்பூருக்கு வந்த புதிதில் நடந்து, இன்னும் உறுத்துவது எது?

செங்காங் 2018:
வந்து நாலு மாதம். அலுவலகத்தில் பக்கத்து மேசை சீனப் பெண்ணுக்குக் கல்யாணம், ஹோட்டலில் இரவு விருந்து. அங் பாவ், அதாவது சீனர்களின் மொய் உறை, வைக்க வேண்டும் என்பது வரை தெரியும். சிவப்பு உறை வாங்கி நூறு வெள்ளி (இங்கத்து டாலர்) வைத்தேன். ஊர்ப் பழக்கம் விடுமா? மேலே ஒன்று. இங்கே ஒரு வெள்ளி நாணயம்தான், தாள் கிடையாது.

வரவேற்பு மேசையில் இரண்டு பெண்கள். ஒருத்தி உறையை வாங்கியதும் நாணயம் ஒரு மூலைக்கு ஓடியது. அவள் கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் பெருமையாக, “எங்கள் வழக்கம், வளரட்டும் என்று ஒன்று சேர்ப்போம்” என்று வேறு சொன்னேன். சீனர்களுக்குக் கல்யாணம் என்றால் இரட்டைப்படை, ஒற்றைப்படை சாவுக்கு என்று மறுநாள்தான் தெரியும்.

கல்யாணப் பெண் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடுத்த வருடம் எங்கள் பையனுக்குப் பெயர் வைத்தபோது வந்தாள். அவள் கொடுத்த உறையில் ஐம்பது வெள்ளித் தாளும் ஒரு வெள்ளி நாணயமும். கிண்டலா மரியாதையா, இன்றுவரை பிடிபடவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

ஈசூன் மாமா:
நான் உங்களுக்கு நேர் எதிர். சீனர் துக்க வீட்டில் ஐம்பது வெள்ளி, முழுசாக, அதுவும் சிவப்பு உறையில்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தல். முந்தின சனிக்கிழமை அதே இடத்தில்தான் மலாய்க் கல்யாணம், கொம்பாங் மேளம் அடித்துக்கொண்டு வந்தார்கள். இந்தப் பந்தலிலும் வட்ட மேசை, வேர்க்கடலை, பாக்கெட் பானம், ஒரு மூலையில் சீட்டாட்டம். ஆனால் வெள்ளைச் சட்டைகளைப் பார்த்ததும் சாவு என்று புரிந்துவிட்டது, அவ்வளவு மக்கு இல்லை. இறந்தவர் என் மாடிக்காரர், லிஃப்டில் தினமும் தலையசைப்பவர். சும்மா போகக் கூடாதென்று மேலே ஏறி, வீட்டில் கிடந்த உறை ஒன்றில் பணத்தைப் போட்டு எடுத்துவந்தேன்.

மகன் உறையை இரண்டு கையாலும் வாங்கினார். பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். வெற்று உறையை ஒழுங்காக மடித்து, யாருக்கும் தெரியாமல் என் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டார். அவருடைய அப்பா பெட்டியில் கிடக்கிறார், அவர் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். கிளம்பும்போது சிவப்பு நூல் ஒன்று கொடுத்தார்கள். வீட்டுக்குள் நுழையும் முன் கழற்றிப் போட வேண்டுமாம். நான் கோயில் கயிறு மாதிரி ஒரு வாரம் கட்டியிருந்தேன்.

அனுபவஸ்தர்:
செங்காங் நண்பரே, ஒற்றைப்படையை விடுங்கள். ஹோட்டல் விருந்துக்கு நூறு என்பதுதான் அங்கே சிக்கல். அந்தப் பெண் நாணயத்துக்காகச் சிரித்திருக்க மாட்டாள்.

நானும் ஒரு முறை மாட்டியிருக்கிறேன் (44 வெள்ளி வைத்தேன், நாலு அவர்கள் காதில் சாவு மாதிரி ஒலிக்கும்). அதனால் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். பத்திரிகை வந்ததும் முதலில் இடத்தைப் பாருங்கள். ஹோட்டலில் ஒரு மேசைக்குப் பெரும்பாலும் பத்து பேர். மேசை விலையைப் பத்தால் வகுத்தால் உங்கள் நாற்காலியின் விலை வரும், அதற்குக் குறையாமல் வைப்பதுதான் நாகரிகம். மதிய விருந்து என்றால் கொஞ்சம் குறைவு, சனிக்கிழமை இரவு என்றால் கூடுதல். எந்த ஹோட்டலுக்கு எவ்வளவு என்று இணையத்தில் ஆண்டுதோறும் பட்டியலே போடுகிறார்கள். எட்டு வந்தால் நல்லது, நாலு வேண்டாம். தாள் புதிதாக இருக்கட்டும். உறைக்குப் பின்னால் பெயர் எழுதுங்கள், இல்லையென்றால் கொடுத்தும் கொடுக்காத கணக்கு. மலாய்க் கல்யாணத்தில் இந்தத் தலைவலி இல்லை, கைகொடுக்கும்போது உள்ளங்கையோடு கொடுத்துவிடலாம். துக்கத்துக்கு வெள்ளை உறை, ஒற்றைப்படை. நம் ஊர் 101 அங்கேதான் பொருந்தும். அதாவது ஈசூன் மாமாவும் நீங்களும் பணத்தை மாற்றிக்கொண்டிருந்தால் ஒற்றைப்படை, இரட்டைப்படையாவது சரியாகியிருக்கும்.

ஈசூன் மாமா:
யாரும் ஆலோசனை கேட்கவில்லையே அண்ணே.

பழைய தோ பாயோ:
மொய்க் கணக்கு எனக்கு வராது. நான் வந்தது 1997, என்னை உறுத்துவது லிஃப்ட். அப்போது பல பழைய புளோக்குகளில் எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்காது, எங்களுடையது 1, 5, 9 மட்டும். வீடு ஏழில். முதல் வாரம் பத்து கிலோ அரிசியோடு ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறினேன், மூச்சு வாங்கியது. ஒன்பதாம் மாடிச் சீனப் பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தவர், மறுநாள் லிஃப்டில் ஐந்தில் கதவு திறந்ததும் என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். இறங்க விடவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. ஒன்பதுக்குக் கூட்டிப்போய், இரண்டு விரலை என் கண்முன் காட்டி, படிக்கட்டில் கீழே நடப்பதுபோல் ஆட்டினார்.

வீட்டுக்கு வரும்போது ஒன்பதிலிருந்து இரண்டு மாடி இறங்கு, வெளியே போகும்போது ஐந்துக்கு இரண்டு மாடி இறங்கு. ஏறவே வேண்டாம்! பொறியியல் படித்தவன் நான், இது தோன்றவில்லை. 2001-க்குப் பிறகு மேம்பாட்டுத் திட்டம் வந்து மாடிக்கு மாடி லிஃப்ட் நின்றது. அதற்குள் நான் வீடு மாறிவிட்டேன். பாட்டியிடம் சொல்லிக்கொள்ளாமலே.

அனுபவஸ்தர்:
ஏழு என்பது இங்கத்துக் கணக்கா, ஊர்க் கணக்கா? இங்கே தரைத்தளமே ஒன்று. ஊர்க் கணக்கில் ஏழு என்றால் இங்கே எட்டு, அப்போது ஒன்பதிலிருந்து ஒரு மாடிதான் இறங்கியிருப்பீர்கள்.

பழைய தோ பாயோ:
தம்பி, படி இறங்கியது நான்.

செங்காங் 2018:
அனுபவஸ்தர் சொன்ன வகுத்தல் கணக்கை இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த விருந்துக்கு நான் தனியாகப் போகவில்லை, மனைவியும் வந்திருந்தாள். இரண்டு நாற்காலி, ஒரு உறை.