ஈயச் சொம்பு ரசத்தால் பையன் இப்படி ஆவானா?

குப்பத்துக்காரி:
எங்களுக்கு ஆந்திராவில் குப்பம் ஊர்ப் பக்கம். பையனுக்கு 6 வயது. வகுப்பில் ஐந்து நிமிடம் உட்கார மாட்டான், பக்கத்துப் பையனை அடிக்கிறான், எழுதச் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுகிறான் என்று ஸ்கூல் மேடம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்கிறார். வேலூரில் காட்டினோம். டாக்டர் பேச்சுவாக்கில், வீட்டில் ஈயம் புழங்குமா என்று கேட்டுவிட்டு, ரத்தத்தில் ஈய அளவு பார்க்க எழுதிக் கொடுத்தார். எனக்கு உடனே மாமியாரின் ஈயச் சொம்புதான் ஞாபகம் வந்தது, தினமும் ரசம் அதில்தான். எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன், இரண்டு நாளாக அவர் என்னோடு பேசுவதில்லை. ஈயத்துக்கும் குறும்புக்கும் நிஜமாகவே சம்பந்தம் உண்டா? வீட்டுக்காரர் பழைய பேட்டரி உடைக்கிற இடத்தில் வேலை செய்கிறார், அவர் நன்றாகத்தான் இருக்கிறார்.

லேப்_தம்பி_சித்தூர்:
அக்கா, கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னீர்களே, அதுதான் விஷயம். ரசச் சொம்பு வெள்ளீயம், டாக்டர் கேட்ட ஈயம் காரீயம், இரண்டும் வேறு வேறு உலோகம். (காரீயம் கலந்து விற்பவர்களும் உண்டு, அதனால் இப்போதைக்குப் பரணிலேயே இருக்கட்டும்.) பேட்டரித் தட்டு சுத்தமான வில்லன், காரீயம். உடைக்கும்போதும் உருக்கும்போதும் அந்தத் தூள் சட்டை, தலைமுடி, செருப்பு, வண்டி சீட் எல்லாவற்றிலும் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். பையன் தரையில் விளையாடிவிட்டு அதே கையால் சாப்பிடுவான். வாய்க்குள் போகிற ஈயத்தைக் குழந்தை உடம்பு பெரியவர்களைவிட 4, 5 மடங்கு அதிகமாக உறிஞ்சும். அண்ணன் நன்றாக இருக்கிறார் என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அவருக்கும் ரத்தம் பாருங்கள்.

சம்பந்தம் உண்டா என்றால், உண்டு. 1979லேயே அமெரிக்காவில் நீடில்மேன் என்ற டாக்டர் விழுந்த பால்பற்களைச் சேகரித்து ஈயம் அளந்தார். அதிகம் இருந்த பிள்ளைகளைத்தான் டீச்சர்கள் கவனம் சிதறுகிறவர்கள் என்று அதிகம் குறித்திருந்தார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, சென்னையில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகள் 756 பேரைப் பார்த்த ஆய்வு 2009ல் வந்தது, அங்கேயும் இதே கதை.

புங்கனூர்_மாமா:
ஆறு வயதில் ஓடாமல் அறுபதிலா ஓடுவான்? நாங்கள் எல்லாம் பெட்ரோல் புகையில் வளர்ந்தவர்கள்தான்.

லேப்_தம்பி_சித்தூர்:
அந்தப் பெட்ரோலில் இருந்த ஈயத்தை 2000ல் நிறுத்தினார்களே மாமா, சும்மாவா நிறுத்தினார்கள்?

சிறப்பு_டீச்சர்:
மாமா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கவனக் குறைவு பரம்பரையாகவும் வரும், குறைமாதத்தில் பிறந்தாலும் வரும், ஒரு பையனைப் பார்த்து இது ஈயத்தால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அளவைக் கண்டுபிடிக்கலாம். விரல் குத்துவதில் தோல் தூசியும் சேர்ந்து தப்பாகக் காட்டும், நரம்பில் எடுக்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும், உலக சுகாதார நிறுவனம் சொல்வது அது. 45 தொட்டால்தான் ஈயத்தை வெளியேற்ற மருந்து. நடுவில் இருந்தால் வருகிற வழியை அடைப்பதுதான் வைத்தியம், யாராவது பவுடர் விற்றால் வாங்காதீர்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அவர் துணியைத் தனியாகத் துவையுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் குறைந்தால் ஈயம் இன்னும் ஏறும், உங்கள் ஊரில் களிக்கும் கீரைக்கும் பஞ்சமா என்ன! ரிசல்ட் எப்படி வந்தாலும் படிப்புக்கான உதவியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஆமாம், வீட்டில் இன்னும் சின்னக் குழந்தை உண்டா?

குப்பத்துக்காரி:
இருக்கிறாள் அக்கா, ஒன்றரை வயது. அப்பா வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்குத் தவழ்ந்து ஓடுவாள், அவரும் அந்தச் சட்டையோடுதான் தூக்குவார். இன்றைக்கு முதல் தடவையாகத் தூக்க விடவில்லை. அழுது தீர்த்துவிட்டாள். வேலை செய்கிற இடத்தில் குளிக்கத் தண்ணீர் இல்லையாம், கொல்லைப்புறமாக வந்து குளித்துவிட்டு உள்ளே வருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை நான்கு பேருக்கும் ரத்தம் கொடுக்கிறோம்.