வீட்டில் எழுதிய சிடியில் 7ஆவது தடம் மட்டும் பிசகுகிறது: ஒலியை முழுதாக எடுப்பது எப்படி?

தவில்வீடு:
வணக்கம். என் அப்பா 1987இல் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் வாசித்த நாகஸ்வரக் கச்சேரி ஒரு சிடியில் இருக்கிறது. கேசட்டில் பதிந்திருந்ததை 2005இல் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து சிடியாக எழுதி வாங்கினோம். கேசட் பூசணம் பிடித்துப் போய்விட்டது. அப்பாவும் இல்லை. மிஞ்சியிருப்பது இந்த வட்டுதான்.

கணினியில் போட்டு 11 கோப்புகளையும் பென் டிரைவுக்கு இழுத்துவிட்டேன். இரண்டே வினாடியில் முடிந்தது. வட்டை வெளியே எடுத்தபின் ஒன்றும் ஒலிக்கவில்லை. ஒவ்வொரு கோப்பும் 1 கேபி என்று காட்டுகிறது. பிறகு கணினியோடு வந்த பிளேயரிலேயே 'ரிப்' செய்தேன், அதாவது வட்டிலிருந்து ஒலியைக் கோப்பாக எடுத்தேன். 7ஆவது தடமான காம்போதி ஆலாபனையில் மூன்று இடங்களில் 'டிக் டிக்' என்கிறது. இன்னோரிடத்தில் அரை வினாடி ஒலியே இல்லை. வட்டு போய்விட்டதா?

நெல்லைச்சீமை:
பற்பசையை விரலில் தொட்டு வட்டமாகத் தேயுங்கள். எங்கள் வீட்டில் பட சிடிகளுக்கு இதுதான் வைத்தியம்.

ஒலிப்பொறி:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடிப்பக்கத்தைத் துடைப்பதானால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழும். அது திருத்தக் கடினமான வகை.

நீங்கள் முதலில் இழுத்த சிடிஏ கோப்புகளில் ஒலி கிடையாது. தடம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற குறிப்பு மட்டும் 44 பைட்டில் இருக்கும். ஒலி சிடியில் கோப்பு என்ற ஒன்றே இல்லை. வினாடிக்கு 75 துண்டுகள், துண்டுக்கு 2352 பைட், எல்லாம் ஒலி. தகவல் சிடியில் இதே துண்டில் 2048 பைட்தான் கோப்புக்கு. மீதியில் பெரும்பகுதி பிழை கண்டுபிடிக்கவும் திருத்தவும் ஒதுக்கியது. ஒலி சிடியில் அந்தக் கூடுதல் காவல் இல்லை. அதனால் டிரைவ் ஓரிடத்தைப் படிக்க முடியாமல் போனால், அக்கம்பக்கத்து மதிப்புகளை வைத்து ஊகித்து நிரப்பிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். சாதாரண பிளேயர் அதை அப்படியே நம்பிவிடும்.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளைப் போட்டு 'செக்யூர்' முறையில் எடுங்கள். ஒவ்வோர் இடத்தையும் இரண்டு முறை படித்து ஒப்பிடும். ஒத்துப்போகாவிட்டால் மறுபடி மறுபடி படிக்கும். உங்கள் டிரைவ் படித்த ஒலியை கேஷில் (தன் தற்காலிக நினைவகத்தில்) வைத்துக்கொள்ளும் ரகமா என்று அமைப்பில் சோதித்துக்கொள்ளுங்கள். அப்படியானால் இரண்டாம் முறை வட்டைத் தொடாமலே முதல் விடையைத் திருப்பிச் சொல்லும்.

தவில்வீடு:
செய்தேன் அண்ணா. 10 தடங்கள் பிசகில்லாமல் வந்தன. 7ஆவதில் மட்டும் நான்கு 'சந்தேகத்துக்குரிய இடங்கள்'. அதைவிடக் கலவரம், 11 தடங்களுமே ஆக்யுரேட்ரிப் தரவுத்தளத்தில் இல்லை என்கிறது. எல்லாமே தவறாக எடுத்துவிட்டேனா?

ஒலிப்பொறி:
இல்லை. அது பிறர் எடுத்த அதே சிடியின் கணக்கோடு உங்களுடையதை ஒப்பிடும் ஏற்பாடு. உங்கள் அப்பாவின் கச்சேரியை உலகில் வேறு யார் எடுத்து அனுப்பியிருப்பார்கள்? வீட்டு வட்டுக்கு நீங்களே இரண்டு முறை எடுத்து, இரண்டின் சிஆர்சி எண்ணும் (ஒலித் தகவலிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பதுதான் சான்று. 'டெஸ்ட் அண்ட் காப்பி' என்ற கட்டளை அதற்குத்தான்.

பழையகடை:
மேல்பக்கத்தில் காகிதம் ஒட்டியிருக்கிறதா? எல்லோரும் பளபளக்கும் பக்கத்தையே பார்க்கிறார்கள். அங்கே 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. ஒலி இருப்பது பெயர் எழுதும் பக்கத்துக்கு அடியில். மேலே மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும்தான்.

தவில்வீடு:
ஆமாம், சுவாமி படம் போட்ட காகிதம். ஓரத்தில் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருக்கிறது. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அந்த மூலைக்கு அடியில் கடுகளவு ஓட்டை, வெளிச்சம் அப்படியே வருகிறது. காகிதத்தை உரித்துவிடட்டுமா?

பழையகடை:
உரித்தால் அதோடு வெள்ளிப்பூச்சும் வரும். கை வைக்காதீர்கள். சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளப் பழுது வரை சிடியின் திருத்த முறை தாங்க வேண்டும். ஆனால் எல்லா டிரைவும் ஒரே திறமை உள்ளவை அல்ல. உங்களுடையது மடிக்கணினியோடு இணைக்கும் ஒல்லி டிரைவாக இருந்தால், பழைய மேசைக் கணினி டிரைவ் ஒன்றைக் கடன் வாங்கி, வேகத்தைக் குறைத்து எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று: ஸ்டூடியோவில் ஒரு பிரதிதான் எழுதச் சொன்னீர்களா? கல்யாண வீடியோ மாதிரி சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்திருப்பீர்களே.

தவில்வீடு:
நினைவே வரவில்லை! கும்பகோணத்தில் சித்தியிடம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

ஒலிப்பொறி:
கொண்டுவந்ததும் அதையும் முழுதாக எடுத்து சிஆர்சி எண்களை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே டிரைவில் எழுதியவையானால் பெரும்பாலும் ஒத்துப்போகும். வேறு டிரைவில் எழுதியிருந்தால் ஒலி சில மாதிரிகள் (வினாடியின் மிகச்சிறு பகுதி) முன்பின் தள்ளி உட்கார்ந்திருக்கும். எண்கள் எல்லாமே மாறும். அப்போது பயப்பட வேண்டாம், இங்கே சொல்லுங்கள்.

தவில்வீடு:
சித்தியின் வட்டு பீரோவில் உறை பிரிக்காமல் இருந்தது. காகிதமும் ஒட்டவில்லை. முதலில் என் வட்டைப் பக்கத்து வீட்டுப் பழைய டிரைவில் போட்டேன்: 7ஆவதில் மூன்று 'டிக்'கும் போய்விட்டன, அரை வினாடி வெற்றிடம் மட்டும் போகவில்லை. சித்தியுடையதில் 11 தடங்களும் இரண்டு முறையும் ஒரே எண். என் வட்டின் 10 தடங்களோடும் எண்ணுக்கு எண் பொருந்துகின்றன. 7ஆவதை அதிலிருந்தே எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். ஆலாபனை முடியும் இடத்தில் 'டக்' என்று ஒன்று இரண்டு வட்டிலும் கேட்கிறது. அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். அப்பா திரும்பும்போது நாயனத்தின் அடிப்பக்கம் மைக்கில் இடித்ததாம்; அன்றைக்கு மைக்செட்காரர் கோபித்துக்கொண்டது வரை சொல்கிறார். மென்பொருளில் அதை எடுத்துவிடலாமா?

ஒலிப்பொறி:
மூலப் பிரதியில் எதையும் நீக்காதீர்கள். ஃபிளாக் என்ற இழப்பில்லாச் சுருக்கக் கோப்பாக மாற்றுங்கள், ஒலி ஒரு துளியும் குறையாது, ஒலியின் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண்ணும் கோப்புக்குள்ளேயே இருக்கும். பத்து வருடம் கழித்தும் கோப்பு கெட்டிருக்கிறதா என்று அதை வைத்துச் சோதிக்கலாம். எடுத்தபோது வந்த பதிவுக் குறிப்பையும் கியூ கோப்பையும் (தடங்கள் எங்கெங்கே தொடங்குகின்றன என்ற பட்டியல்) கூடவே வையுங்கள். 7ஆவது எந்த வட்டிலிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். 'டக்' இல்லாமல் கேட்க ஆசையானால் தனியாக ஒரு நகல் எடுத்து அதில் வெட்டிக்கொள்ளுங்கள்.

பழையகடை:
சித்தியிடம் வட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது சுவாமி படம் எதுவும் ஒட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.