'சொல்லியிருக்க வேண்டும்' என்று நினைத்து 'மஸ்ட் ஹாவ்' எழுதினேன்: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

தொடங்கியவர்:

என்னோடு வேலை பார்க்கும் ஒருவருடைய அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரியவந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. மனசு கேட்காமல் உடனே ஒரு வரி அனுப்பினேன்: "யூ மஸ்ட் ஹாவ் டோல்ட் மீ." 'என்கிட்ட சொல்லியிருக்கணும் நீங்க' என்ற உரிமையில் எழுதியது அது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "இல்லையே, உங்களிடம் சொன்னதாக நினைவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை."

அந்தப் பதிலை நாலைந்து தடவை படித்த பிறகுதான் புரிந்தது. என் அக்கறை அவரிடம் போய்ச் சேரவே இல்லை. 'நீங்கள் என்னிடம் சொல்லியிருப்பீர்கள்' என்ற ஊகமாகத்தான் அவர் அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நம் 'வேண்டும்' இரண்டு வேலை பார்க்கிறது. 'விளக்கு எரிகிறதே, அவர் வந்திருக்க வேண்டும்' என்றால் ஊகம். 'நேற்றே வந்திருக்க வேண்டும், வரவில்லை' என்றால் குறை. நமக்குக் குரலும் சூழலும் போதும், குழப்பமே வருவதில்லை. ஆங்கிலத்தில் ஊகத்துக்கு மஸ்ட் ஹாவ், நடக்காமல் போனதற்கு ஷுட் ஹாவ். இப்போது எழுதும் முன் ஒன்று செய்து பார்க்கிறேன். 'வந்திருக்க வேண்டும்' இருக்கும் இடத்தில் 'வந்திருப்பார்' என்று போட்டாலும் பொருள் நின்றால் மஸ்ட் ஹாவ். நிற்காவிட்டால் ஷுட் ஹாவ். 'போக வேண்டியிருந்தது, போனேன்' என்பது மூன்றாவது வகை. அதற்கு ஹாட் டு, ஏனென்றால் அந்தப் பொருளில் மஸ்டுக்கு இறந்தகாலமே கிடையாது.

இது மாதிரி ஒரு சின்னச் சொல் உங்களை எங்காவது மாட்டிவிட்டிருந்தால் எழுதுங்கள்.

*

அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்:

எனக்கு வுட். வில்லைவிட வுட் மரியாதையானது என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை வருஷக்கணக்கில் நம்பினேன். ஒருநாள் மேலாளருக்கு "ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ" என்று மின்னஞ்சல் போட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எது நடந்தால்?"

கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. வுட் என்றதும் அவர்கள் காதில் 'இப்படி நடந்தால்' என்ற ஒரு நிபந்தனை பின்னால் ஒலிக்கிறது. விடுமுறைக்கு ஏதோ தடை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். 'வுட் யூ' என்று அடுத்தவரைக் கேட்கும்போது மரியாதை வருகிறது, சரி. முடிவாகிவிட்ட நம் திட்டத்தைச் சொல்ல ஐ வில் பி தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வர இயலாத நாளில் "ஐ வில் நாட் கம்" என்று எழுதாதீர்கள். அது பெரும்பாலும் 'வரமாட்டேன்' என்ற பிடிவாதமாகத்தான் கேட்கும். "ஐ வோன்ட் பி ஏபிள் டு கம்" என்றால்தான் இயலாமை தெரியும்.

*

நோயாளிகளுக்கு மொழிபெயர்த்து உதவுபவர்:

தொடங்கியவர் எழுதியதைப் படித்ததும் நெஞ்சு அடைத்தது. இது நடந்து பல வருஷம் ஆகிவிட்டது, இன்னும் மறக்கவில்லை.

வயதான ஓர் அம்மாவைச் சேர்த்திருந்தார்கள். மகள் இரண்டு இரவாகத் தூங்காமல் நாற்காலியிலேயே இருந்தார். செவிலியர் அவர் தோளைத் தொட்டு, "யூ டோன்ட் ஹாவ் டு ஸ்டே டுநைட்" என்றார். நான் வாய்க்கு வந்தபடி, "இன்னைக்கு ராத்திரி நீங்க தங்க வேண்டாமாம்" என்றேன். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. பையை எடுத்தார், அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார். செவிலியர் என்னைத் திகைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மின்தூக்கி வரை ஓடிப்போய், "தங்கணும்னு கட்டாயமில்லைன்னுதான் சொன்னாங்க. இருக்கணும்னா தாராளமா இருங்க" என்று சொல்லித் திரும்பக் கூட்டிவந்தேன்.

'வேண்டாம்' என்பதற்குள் 'தேவையில்லை'யும் இருக்கிறது, 'கூடாது'ம் எட்டிப் பார்க்கிறது. டோன்ட் ஹாவ் டு என்றால் 'வேண்டியதில்லை', மஸ்ட் நாட் என்றால் 'கூடாது'. ஆங்கிலத்தில் இவை எதிரெதிர்க் கரையில் நிற்பவை. ஹாவ் டுவும் மஸ்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போது, 'இல்லை' சேர்த்ததும் இவ்வளவு விலகிப் போவதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. மாத்திரை விஷயத்தில் இதைத் தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தாலே நடுக்கம். அதனால் அன்றிலிருந்து தனி 'வேண்டாம்' என்ற சொல்லையே வேலையில் எடுப்பதில்லை.

*

வாகனம் ஓட்டப் பழகியவர்:

ஓட்டுநர் தேர்வில் தேறிய சந்தோஷத்தில் நண்பருக்கு "ஐ குட் பாஸ் த டெஸ்ட்!" என்று அனுப்பினேன். "நிச்சயம் முடியும், தேர்வு என்றைக்கு?" என்று பதில் வந்தது.

நான் 'தேற முடிந்தது' என்றேன், அவர் 'தேறினாலும் தேறலாம்' என்று படித்தார். ஒருதடவை முயன்று நடந்து முடிந்த காரியத்துக்கு வாஸ் ஏபிள் டு, அல்லது மேனேஜ்ட் டு. 'சின்ன வயதில் மரம் ஏற முடியும்' என்பது போல எப்போதும் இருந்த திறமைக்குத்தான் குட். ஆனால் முடியவில்லை என்று சொல்லக் குடின்ட் எங்கும் பொருந்தும். தோற்றிருந்தால் சரியாக எழுதியிருப்பேன்!

*

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

நான் பேசுற மாதிரியே எழுதுறேன். பசங்க விளையாடுற இடத்துல மத்த அம்மாங்களோட நின்னுட்டிருந்தேன். நேரமாச்சு, 'போகலாம்'னு சொல்ல "வீ மே கோ"ன்னேன். யாரும் நகரல. நானும் நிக்கிறேன், அவங்களும் நிக்கிறாங்க. 'போனாலும் போவோம்'னு அவங்களுக்குக் கேட்டிருக்கு. 'போகலாம்'னா லெட்ஸ் கோ, 'போகலாமா'ன்னா ஷல் வீ கோ, 'நீ போகலாம்'னா யூ மே கோ, 'மழை வரலாம்'னா இட் மைட் ரெயின். எல்லாத்துக்கும் நமக்கு ஒரே 'லாம்'தான். அந்த ஷல்லை இப்ப என் பொண்ணு என்னைவிட நல்லா சொல்றா, அதுல எனக்கு ரொம்பப் பெருமை.

*

மென்பொருள் எழுதுபவர்:

எங்கள் துறையில் இந்தக் குழப்பத்துக்கு எழுத்திலேயே முடிவு கட்டினார்கள். இணைய நெறிமுறை ஆவணங்களில் இந்தச் சொற்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று வரையறுக்க 1997 மார்ச்சில் ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம் வந்தது. மஸ்ட் என்றால் விலக்கே இல்லை. ஷல்லுக்கும் அதே பொருள். ஷுட் என்றால், தக்க காரணம் இருந்து விளைவையும் யோசித்திருந்தால் விலகலாம். மே என்றால் உங்கள் விருப்பம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஷுட், மஸ்ட் இரண்டையும் 'வேண்டும்' என்று படித்து, ஷுட் என்று மட்டும் சொல்லியிருந்த ஒரு பகுதியைக் கட்டாயமாக்கி நிரல் எழுதினேன். அந்தப் பகுதியை அனுப்பாத கருவிகளை எல்லாம் என் நிரல் வெளியே தள்ளியது. தப்பு எங்கே என்று மூன்று நாள் தேடினேன். அந்த ஆவணத்தில் நான் மிகவும் மதிப்பது அது சொல்லாமல் விட்டதை. மஸ்ட் நாட், ஷல் நாட், ஷுட் நாட் மூன்றும் பட்டியலில் உண்டு, மே நாட் இல்லை. 'அனுமதி இல்லை', 'ஒருவேளை நடக்காது' என்று அது இரண்டு பக்கமும் இழுக்கும். நானும் என் குறிப்புகளில் அதை எழுதுவதில்லை.

*

ஆங்கிலம் சொல்லித் தருபவர்:

"ஷீ கேன்ஸ் சிங்" என்று எழுதும் குழந்தையைத் தயவுசெய்து திட்டாதீர்கள். விதியை ஒழுங்காகப் பிடித்துக்கொண்ட குழந்தைதான் அப்படி எழுதும். கேன், மே, மஸ்ட், ஷல் எல்லாம் வெகுகாலத்துக்கு முன் இறந்தகால வடிவமாக இருந்து நிகழ்காலத்துக்கு வந்தவை. அதனால்தான் அந்த ஸ் ஒட்டுவதில்லை. குட் என்பதன் எழுத்தில் சத்தமில்லாத ஒரு எல் இருக்கிறதே, அதுவும் முதலில் கிடையாது. வுட், ஷுட் இரண்டிலும் இருப்பதைப் பார்த்துப் பின்னால் நுழைந்தது. இதைக் கதையாகச் சொன்ன நாளிலிருந்து என் வகுப்பில் அந்த எழுத்தை யாரும் விடுவதில்லை.

*

தொடங்கியவர்:

எல்லாருக்கும் நன்றி. மொழிபெயர்ப்பவர் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அலுவலகத்துக்காரரே, நீங்கள் சொன்ன அந்த நிபந்தனைதான் எனக்கு வழி காட்டியது. 'தெரிந்திருந்தால் வந்திருப்பேன்' என்பதில் 'வந்திருப்பேன்' மட்டும் தனியாக நின்றாலும் நமக்கு மீதி கேட்கும், வுட் ஹாவும் அதையே செய்கிறது.

இன்று காலை அவருக்கு மறுபடி எழுதினேன். முதலில் "ஐ மென்ட் ஷுட் ஹாவ்." அடுத்து "ஐ வுட் ஹாவ் கம்." அம்மா இப்போது நாலடி நடக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.