இரண்டு வயதை எட்டும் பிள்ளையுடன் ஆறு வாரம் பருத்தித்துறையில்

கேள்வி: வல்லிபுரக்காற்று

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கிறோம். ஆடி பிறந்ததும் புறப்பட்டு, ஆறு வாரம் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் என் பெற்றோருடன் தங்குவதாக இருக்கிறோம். மகளுக்கு அப்போது ஒரு வயதும் பதினொரு மாதமும் ஆகியிருக்கும். இரண்டாவது பிறந்தநாள் அங்கேயே வரும். என் பெற்றோர் அவளை இன்னும் நேரில் பார்க்கவில்லை. அப்பாவால் இனி நீண்ட பயணம் செய்ய இயலாது என்பதால் நாங்கள் போவதைத் தவிர வேறு வழியில்லை.

என்னைக் குழப்புபவை மூன்று. கணவருக்குப் பதினைந்து நாள் விடுமுறைதான் கிடைத்திருக்கிறது. அவர் தொடக்கத்தில் எங்களுடன் வருவதா, கடைசியில் வந்து எங்களை அழைத்துச் செல்வதா? அடுத்தது உறவினர் வீடுகள். அம்மா ஒரு கொப்பித் தாளில் பதினான்கு வீடுகளின் பெயரை எழுதி, அதைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அவற்றைத் தவிர மட்டக்களப்பில் என் மாமியார் வீடு, வவுனியாவில் பெரியம்மா, வெள்ளவத்தையில் சித்தி என்று இன்னும் இருக்கின்றன. ஒரு வீட்டுக்குப் போய் மற்றதற்குப் போகாவிட்டால் பல ஆண்டுகளுக்குக் கதை இருக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூன்றாவதாக, தண்ணீரும் நோயும். மகளுக்கு வயிறு சற்று மென்மையானது. அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: மல்லாகத்து மருமகள்

சகோதரி, சென்ற ஆண்டு நான் இரண்டேகால் வயது மகனுடன் மல்லாகத்தில் ஐந்து வாரம் தங்கி வந்தேன். முதலில் பயணச்சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பறக்கலாம். அதற்கான கட்டணமும் பெரும்பாலும் பெரியவருடையதில் பத்தில் ஒரு பங்கு அளவே. ஆனால் வயதைக் கணக்கிடுவது பதிவு செய்யும் நாளை வைத்து அல்ல, பறக்கும் நாளை வைத்து. உங்கள் மகள் போகும்போது மடிப்பிள்ளை, திரும்பும்போது தனி இருக்கை கட்டாயமானவள். இதைப் பதிவின்போதே சொல்லாமல் விட்டால், திரும்பும் நாளில் விமான நிலைய மேசையில் அன்றைய விலைக்கு ஓர் இருக்கை வாங்க நேரிடும். பணம் இடங்கொடுத்தால் போகும்போதும் தனி இருக்கையே எடுங்கள். விமானத்துச் சிறு தொட்டில்களுக்கு எடைக்கட்டுப்பாடு உண்டு. இந்த வயதுப் பிள்ளை பெரும்பாலும் அதைத் தாண்டியிருக்கும். வளைகுடா நகரொன்றில் மாறிச் செல்வதானால் முதற்கட்டமே பன்னிரண்டு, பதின்மூன்று மணிநேரம். அவ்வளவு நேரமும் பதினொரு கிலோவை மடியில் தாங்கியிருப்பது தாய்ப்பாசத்தால் மட்டும் ஆகிற காரியமல்ல.

கணவர் கடைசிப் பதினைந்து நாளுக்கு வருவதே நல்லது என்பது என் எண்ணம். கோடையில் ரொறன்ரோவுக்கும் இலங்கைக்கும் ஒன்பதரை மணிநேர வித்தியாசம். இங்கே அவள் உறங்கப்போகும் இரவு எட்டு மணி அங்கே அதிகாலை ஐந்தரை. எங்கள் மகன் முதல் மூன்று இரவும் ஒன்றரை மணிக்கு எழுந்து சோறு கேட்டான். அங்கே மாமி இருந்தார். பிட்டும் வாழைப்பழமும் மூடி வைத்திருந்து, தூக்கக் கலக்கத்தோடு ஊட்டினார். காலை ஆறரைக்கே அவனை முற்றத்தில் விட்டு வெயில் படச் செய்தோம், பகல் தூக்கத்தைக் குறைத்தோம், எட்டாம் நாள் சரியாயிற்று. திரும்பி வந்ததும் இதே கூத்து மறுபடி நடக்கும். அப்போது ஸ்காபரோவில் மாமியும் இல்லை, பிட்டும் இல்லை, அடுத்த திங்கள் வேலைக்கும் போக வேண்டும். கணவரின் உதவி உண்மையாகத் தேவைப்படுவது அப்போதுதான்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய கையோடு வான் வண்டியில் ஏறிவிடாதீர்கள். புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியாகப் பருத்தித்துறை போய்ச் சேர எட்டு மணிநேரத்துக்கு மேல் ஆகும். பக்கத்திலேயே நீர்கொழும்பு இருக்கிறது. ஓர் இரவு தங்கி, குளித்து, உறங்கிப் புறப்படுங்கள். வான்காரரிடம் பின்னிருக்கையின் பாதுகாப்புப் பட்டியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பல வான்களில் பின்னால் பட்டியே இராது, அல்லது இடுப்புப் பட்டி மட்டும் இருக்கும். இங்கிருந்து நீங்கள் சுமந்து செல்லும் குழந்தை இருக்கை அதில் பொருந்துமா என்பதை அந்த இருக்கையின் கையேட்டில் முன்கூட்டியே பாருங்கள். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் நிறுத்துவார்கள். அங்கே விற்கும் கச்சான் கடலையை மட்டும் மகளின் கையில் கொடுத்துவிடாதீர்கள், இந்த வயதில் தொண்டையில் அடைத்துவிடும்.

பதினான்கு வீடுகளைப் பற்றி: நாங்கள் ஒன்பது வீட்டுக்குப் போனோம், மகன் ஒன்பதிலும் அழுதான். பிறகு மாமாதான் ஒரு வழி சொன்னார். ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்கே வரச் சொன்னோம். வடையும் தேநீரும் வைத்தோம். பிள்ளை தன் வீட்டு முற்றத்தில் நின்றபடி வந்தவர்களைப் பார்த்தான், தானாகவே போய் ஒட்டிக்கொண்டான். நடக்க இயலாத முதியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும் நாங்கள் போனோம். அதில் யாரும் குறை சொல்லவில்லை. மட்டக்களப்பை அந்தப் பட்டியலோடு சேர்க்காதீர்கள். அவர்களும் அப்பப்பா, அப்பம்மா அல்லவா? கணவர் வந்தபின் ஐந்து இரவாவது போய்த் தங்குங்கள். போன மறுநாளே திரும்புவது அவர்களுக்கும் மனத்தாங்கல், பிள்ளைக்கும் அலைச்சல்.

மறுமொழி: பிரம்டன் தாதி

நான் தாதியாகப் பணிபுரிகிறேன். ஆயினும் முடிவாகச் சொல்ல வேண்டியவர் உங்கள் குடும்ப வைத்தியரே. புறப்படுவதற்கு ஆறு வாரமாவது முன்பு அவரைப் பாருங்கள். ஒன்ராறியோவில் சின்னமுத்து (தட்டம்மை) தடுப்பூசியின் முதல் ஊசியை ஒரு வயதிலும் இரண்டாவதை நான்கு முதல் ஆறு வயதுக்குள்ளும் போடுவது வழக்கம். பயணத்துக்காக இரண்டாவதை முன்கூட்டியே போடலாமா என்று கேளுங்கள். ஈரல் அழற்சி ஏ வகைக்கான ஊசியையும் இந்த வயதில் போடலாம். நெருப்புக்காய்ச்சல் (தைபொயிட்) ஊசி இரண்டு வயதுக்குப் பின்னரே என்பதால் உணவிலும் நீரிலும் கவனமாக இருப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. மலேரியாவை எண்ணிப் பயப்பட வேண்டாம். இலங்கையில் அது ஒழிக்கப்பட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. டெங்குதான் கவலைக்குரியது. வடக்கில் அது மாரியில் பெருகுவது வழக்கம் என்றாலும் ஆடியில் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அந்த நுளம்பு பகலில் கடிக்கும். ஆகவே இரவு வலை மட்டும் போதாது, பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். தோலில் பூசுவதற்கு 20 வீத இகாரிடின் உள்ள நுளம்பு விரட்டியை இங்கேயே வாங்கிச் செல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பரசிற்றமோல் இங்கும் அங்கும் ஒரே செறிவில் கிடைப்பதில்லை. கனடாவில் கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் இருக்கிறது. இலங்கையில் வழக்கமாகக் கிடைக்கும் பாணியில் ஐந்து மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம். அங்குள்ள வைத்தியர் ‘ஐந்து மில்லி கொடுங்கள்’ என்று சொல்லி, நீங்கள் கனடாப் போத்தலிலிருந்து ஐந்து மில்லி எடுத்தால் 120க்குப் பதிலாக 400 மில்லிகிராம் உள்ளே போய்விடும். இரண்டு போத்தல்களையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். முடிந்தால் ஒன்றை மட்டுமே பயன்படுத்துங்கள். டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை இபுபுரோஃபென் கொடுக்கவே வேண்டாம், அது இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும்.

வயிற்றோட்டம் வந்தால் உடனே ஜீவனி (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புக் கரைசல்) கொடுங்கள். அங்கே எந்த மருந்துக்கடையிலும் பொதியாகக் கிடைக்கும். பொதியில் சொன்ன அளவு நீரிலேயே கரைக்க வேண்டும். பிள்ளை குடிக்க மாட்டாள் என்று பாதி நீரில் கரைத்தால் பயனைவிடக் கேடே அதிகம். நாய் கடித்தாலோ கீறினாலோ, சிறு கீறலே என்றாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை, குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கற்பாறைக்குள் தேங்கியிருப்பது. உரமும் மலக்குழிக் கசிவும் எளிதாக உள்ளிறங்குவதால் பல கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. இது பெரிதும் பாதிப்பது பால்மா மட்டும் குடிக்கும் சில மாதக் குழந்தைகளைத்தான். உங்கள் மகளின் வயதில் ஆபத்து மிகக் குறைவு. குடிக்கப் போத்தல் நீரோ வடிகட்டிய நீரோ கொடுத்து, சமையலுக்கும் குளிப்பதற்கும் கிணற்று நீரைப் பயன்படுத்தலாம்.

மறுமொழி: மிசிசாகாத் தந்தை

கணவர் விடயத்தில் மல்லாகத்துச் சகோதரியோடு நான் உடன்படவில்லை. மூன்று பெட்டி, ஒரு குழந்தை இருக்கை, தூக்கம் கெட்ட பிள்ளை ஆகியவற்றோடு ஒரு தாய் தனியே விமானம் மாறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் தகப்பன் போகும்போதுதான் துணை. எப்படியாயினும், ஒரு பெற்றோர் மட்டும் பிள்ளையுடன் எல்லை கடக்கும் பயணத்துக்கு மற்றவர் ஒப்பமிட்ட சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும்.

இன்னுமொன்று, இலங்கைக்கான சுற்றுலா விசா வழக்கமாக 30 நாளுக்கே வழங்கப்படும். உங்களுடையது ஆறு வாரம். கனடாக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மகளுக்கும் நீடிப்பு எடுக்க வேண்டியிருக்கும். கட்டணமும் விதிகளும் அடிக்கடி மாறுவதால் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் பறக்கச் சொல்வார்கள். வான் வண்டிப் பயணம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் சீட்டுகள் தனித்தனியாக இருந்தால் சென்னையில் பெட்டிகளை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், அதற்கு எல்லோருக்கும் இந்திய விசா வேண்டும், சிறிய விமானத்தில் பொதிக்கான அளவும் குறைவு.

மறுமொழி: அச்சுவேலி அம்மம்மா

பிள்ளை, நான் உங்கள் அம்மாவின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் பேரன் இலண்டனிலிருந்து வந்தபோது அவனுக்கும் உங்கள் மகளின் வயதுதான். ஒவ்வொரு நாளும் கைபேசியில் என்னைப் பார்த்து முத்தம் கொடுத்தவன், வாசலில் நான் கையை நீட்டியதும் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ‘அம்மம்மா எங்கே?’ என்று மகள் கேட்டபோது, என்னைக் காட்டவில்லை. மேசையில் கிடந்த கைபேசியைக் காட்டினான். நான் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். நான்கு நாள் அவனைத் தூக்கவே முயலவில்லை. காலையில் கோழிக்குத் தீன் போடப் போகும்போது சுளகை அவன் கண்ணில் படும்படி எடுத்துச் செல்வேன், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் பின்னால் வந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்தான். உங்கள் அம்மாவிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் முதல்நாளே மனம் நொந்துபோவார்.

வீட்டை முன்கூட்டியே பார்க்கச் சொல்லுங்கள். கிணற்றுக் கட்டு உயரமாக இருந்தாலும் பக்கத்தில் வாளியோ கல்லோ இருந்தால் பிள்ளை ஏறிவிடும். கம்பி வலை போட்டு மூடுவது நல்லது. தொட்டியில் தண்ணீர் நிறைத்து வைக்கும் பழக்கத்தை ஆறு வாரத்துக்கு விடச் சொல்லுங்கள். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு, அதைப் பூட்டி வைக்க வேண்டும். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். இடியப்பமும் உறைப்பில்லாத சொதியும் அந்த வயதுக்கு ஏற்றவை. வருபவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பிஸ்கற் பொதியோடு வருவார்கள். வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள், மறுக்க வேண்டாம்.

நல்லூர்க் கந்தசாமி கோயிலுக்குப் போவதானால் தேருக்குக் கொண்டுபோகாதீர்கள். திருவிழா இருபத்தைந்து நாள் நடக்கிறது; தேரும் தீர்த்தமும் கடைசி இரண்டு நாள். கொடியேறிய முதல் வாரத்தில், சாதாரண நாள் ஒன்றில் அதிகாலைப் பூசைக்குப் போனால் மணல் சுடாது, பிள்ளையை வெறுங்காலுடன் இறக்கி விடலாம். கணவர் எப்போது வருவது என்பது உங்கள் இருவரின் காரியம். அதில் நான் தலையிடவில்லை.

கேள்வி கேட்டவர்: வல்லிபுரக்காற்று

எல்லோருக்கும் மிக்க நன்றி. பயணச்சீட்டு முகவரிடம் நேற்றே பேசினேன். மகளை இரு வழிக்கும் மடிப்பிள்ளையாகவே பதிந்திருந்தார். நாள் தவறுவதற்குள் திருத்திவிட்டோம். கணவர் கடைசிப் பதினைந்து நாளுக்கு வருவதாக முடிவு செய்திருக்கிறோம். மிசிசாகா அண்ணா சொன்னதை நினைத்துப் பெட்டிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்திருக்கிறேன். சம்மதக் கடிதமும் தயாராகிறது. மட்டக்களப்புக்கு ஐந்து இரவு என்றதும் மாமியார் ஆறு என்றார், ஒப்புக்கொண்டேன்.

பதினான்கு வீடுகளில் நான்கு வீட்டுக்குப் போகிறோம். மற்றவர்கள் ஞாயிறுகளில் வருவார்கள். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அப்படியென்றால் கதிரை காணாது, கோயிலில் கேட்கிறேன்’ என்றார். கிணற்றுக்கு வலை போட ஆளும் சொல்லியாகிவிட்டது. இன்று காலை அப்பா அழைத்து, நுளம்பு வலை தொட்டிலுக்கா கட்டிலுக்கா என்று அளவு கேட்டார். கட்டிலுக்கு என்று சொன்னேன்.