வீட்டில் செய்த டைனமோமீட்டர்: பவர் 0.4 கிலோவாட் தான் வருகிறது, எங்கே தப்பு?

கேள்வி:
ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சினின் பவரை அளக்க நானே பிரேக் டைனமோமீட்டர் ஒன்று செய்திருக்கிறேன். ஒற்றை சிலிண்டர், 4 ஸ்ட்ரோக். எஞ்சின் ஷாஃப்டிலேயே டிஸ்க், அதைப் பிடிக்கும் கேலிப்பர் பேரிங்கில் தனியாகத் திரும்பும்படி மாட்டியிருக்கிறது, கேலிப்பரிலிருந்து நீளும் கை 30 செ.மீ. தள்ளி ஒரு லோட் செல்லை (அழுத்தும் விசையை அளக்கும் சென்சார்) அழுத்துகிறது. முழு த்ராட்டிலில் பிரேக்கை இறுக்கி 3000 ஆர்பிஎம்மில் நிறுத்தினால் 4.2 கிலோ காட்டுகிறது. 4.2 × 0.3 × 3000 ÷ 9549 போட்டேன், 0.396 கிலோவாட். எஞ்சின் மேலுள்ள பிளேட்டில் 3600 ஆர்பிஎம்மில் 3.7 கிலோவாட் என்று இருக்கிறது. மூன்று நாளாகப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

பதில் 1:
கிலோவை நியூட்டனாக மாற்றவில்லை, அவ்வளவுதான். 4.2 × 9.81 = 41.2 நியூட்டன், அதை 0.3 ஆல் பெருக்கினால் டார்க் (முறுக்கு விசை) 12.36 நியூட்டன் மீட்டர், பவர் 3.88 கிலோவாட். 9549 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் இந்தத் தப்பு திரும்ப வராது: ஒரு நிமிடச் சுற்றை நொடிக்கு ரேடியனாக்க 2π ஆல் பெருக்கி 60 ஆல் வகுக்கிறோம், வாட்டைக் கிலோவாட்டாக்க 1000 ஆல் வகுக்கிறோம், 60000 ÷ 2π = 9549. டார்க் நியூட்டன் மீட்டரில் இருந்தால் மட்டுமே இந்த எண் செல்லும். சில இடங்களில் 5252 என்று பார்ப்பீர்கள், அது பவுண்டு-அடிக்கும் ஹெச்பிக்கும் உரியது, இதோடு கலக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி! ஆனால் 3000-லேயே 3.88 என்றால் பிளேட்டில் இருப்பதைவிட அதிகமாக இருக்கிறதே?

பதில் 2:
எஞ்சின் நிற்கும்போது, பிரேக்கைத் தளர்த்திவிட்டு, லோட் செல் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். கையின் எடையும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அப்புறம் 30 செ.மீ. என்பதை ஷாஃப்டின் மையத்திலிருந்து லோட் செல்லைத் தொடும் புள்ளி வரை, விசை போகும் திசைக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும், கை 20 டிகிரி சாய்ந்திருந்தாலே 6 சதவீதம் போய்விடும். நான் எந்தக் கணக்கையும் நம்புவதற்கு முன்னால் தெரிந்த எடையைத் தொங்கவிட்டுப் பார்ப்பேன்: பூஜ்யம் செய்த பிறகு லோட் செல் தொடும் இடத்திலேயே 5 கிலோ தொங்கவிட்டால் 14.7 நியூட்டன் மீட்டர் வந்தாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நிற்கும்போதே 0.6 கிலோ காட்டுகிறது! கழித்தால் 3.6 கிலோ, 10.6 நியூட்டன் மீட்டர், 3.33 கிலோவாட். 5 கிலோ வைத்தும் பார்த்தேன், சரியாக இருக்கிறது. ஆனால் ஓடும்போது எண் குதித்துக்கொண்டே இருக்கிறது.

பதில் 2:
3.33 நம்பக்கூடிய எண், பிளேட்டில் உள்ளது 3600-க்கு. குதிப்பது இயல்புதான்: உங்கள் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கிறது, 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 25 தட்டு. ஒன்றிரண்டு நொடிக்குச் சராசரி எடுங்கள், ஆர்பிஎம்மையும் அதே நேரத்தில் பதிவு செய்யுங்கள்.

பதில் 3:
ஒன்றை யாரும் சொல்லவில்லை. அந்த 3.3 கிலோவாட் முழுவதும் டிஸ்கில் சூடாகிறது, ஒரு லிட்டர் தண்ணீரை நொடிக்கு முக்கால் டிகிரிக்கு மேல் ஏற்றும் வெப்பம் அது. ஒவ்வொரு அளவையும் சில நொடிகளில் முடித்து ஆறவிடுங்கள். டிஸ்கைச் சுற்றி இரும்புத் தகடு மூடி கட்டாயம், சுழலும் திசைக்கு நேராக நிற்கவே வேண்டாம்.